பெயர் ஊர் சொல்லி ஒரு விண்ணப்பம்

பிப்ரவரி 1, வியாழன்

காலையில் குளித்துவிட்டு வெள்ளைச் சேலையைக் கையில் எடுத்த பிறகுதான், நேற்றோடு ரிட்டயர் ஆகிவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று வழியனுப்பு விழாவில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். வயலட் சிஸ்டர் வார்டுக்குள் நுழைந்தால் காய்ச்சலே பயந்து இறங்கிவிடும் என்றாள் ஒருத்தி. நேற்று முன்தினம்வரை என்னைப் பிசாசு என்று சொன்னவள்தான். "இனி நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்றார் பெரிய டாக்டர். அதை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சுவர்க்கடிகாரமும் இந்த டைரியும் கொடுத்தார்கள். நேரம் போகாமல் உட்காரப்போகிறவளுக்குக் கடிகாரம்! யோசித்தவர் கெட்டிக்காரர்தான்.

பத்து மணிவாக்கில் எதிர்வீட்டு எமிலி டீச்சர் வந்தார். எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது, குரல் மட்டும் இன்னும் வகுப்பறையில்தான் இருக்கிறது.

"சிஸ்டர், இம்புட்டு நாளும் கவர்மெண்டுக்கு ஒழச்சிய. இனி ஆண்டவருக்குக் கொஞ்சம் ஒழைங்க. பென்ஷன் அங்கயும் உண்டு" என்றார்.

அவர் போனதும் உட்கார்ந்து திட்டம் போட்டேன். வார்டுக்கே டியூட்டி சார்ட் போட்டவளுக்கு இது ஒரு வேலையா? எழுந்ததும் ஜெபம். வேதம் மூன்று அதிகாரம். வ.உ.சி. மைதானத்தில் நடை. சமையல். மத்தியானம் ஜெபக்குழு. சாயங்காலம் நோயாளிகளைப் பார்த்து வருவது. இரவு சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். அதற்குக் குடும்பம் வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் கோயம்புத்தூரில். நானும் சுவரும்தான். போகட்டும், சுவர் எதிர்த்துப் பேசாது.

பிப்ரவரி 5, திங்கள்

இரண்டாவது அதிகாரத்திலேயே தூங்கிவிட்டேன். கண்ணை மூடி ஜெபித்தால், பிரஷர் பார்க்காமல் விட்ட பேஷண்ட் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

இன்று ஒழுங்காகப் போயிற்று. ஜெபக்குழுவில் பாடும்போது என்னையறியாமல் அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. வலித்து அழவில்லை, அது மட்டும் தெரியும். பிறகு எல்லோருக்கும் பிரஷர் பார்த்தேன். எமிலி டீச்சருக்கு ஏகத்துக்கு இருக்கிறது. "உப்பைக் குறைங்க, இல்லன்னா பென்ஷன் வாங்க முந்தியே போயிருவிய" என்றேன். குழுவே சிரித்தது. டியூட்டி முடிந்து வந்தது மாதிரி நல்ல அலுப்பு. இப்படியே போனால் ரிட்டயர் ஆனதும் ஆசீர்வாதம்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

மகள் கெசியா வந்திருக்கிறாள். போன்கூடச் செய்யாமல், காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெரிய பெட்டி இரண்டு.

"என்னட்டி, திடுதிப்னு?"

"லீவு போட்டிருக்கேம்மா."

பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் கணக்கு டீச்சருக்கு லீவு கொடுக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நான் கேட்கவில்லை. பிள்ளை களைத்துப்போய் வந்திருக்கிறாள். மீன் வாங்கப் போனேன். நெய்மீன் விலையைக் கேட்டால் கடலையே விலை பேசுகிற மாதிரி சொல்கிறான். வாங்கினேன்.

இனிமேல் குடும்ப ஜெபத்துக்கு ஆள் இருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 12, திங்கள்

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள். துணி காயப்போடும்போது கை விலகியது. மேல்கையின் உள்பக்கம் கன்றியிருந்தது. நான்கு திட்டு, எதிர்ப்பக்கம் ஒன்று.

"என்னது?"

"கதவு இடிச்சிட்டும்மா. நேத்து."

கதவு இடித்தால் வெளிப்பக்கம்தான் கன்றும். நேற்று இடித்தது இன்று மஞ்சளும் பச்சையுமாக மாறாது, ஒரு வாரமாவது ஆகும். இதெல்லாம் எனக்குப் பழக்கதோஷம். அவசரப் பிரிவில் இருந்து இருந்து, எதைப் பார்த்தாலும் கேஸாகத் தெரிகிறது. கதவு என்றால் கதவுதான். தைலம் தடவிவிட்டேன்.

குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம், ஆரம்பம். குழுவில் சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும், ஈஸ்டர்வரை தினமும் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை சங்கிலி அறக்கூடாது. எனக்குச் சாயங்கால நேரம்.

விண்ணப்பங்களை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எமிலி டீச்சர் பாடம் நடத்தினார். "ஒரு குடும்பத்துல ஒரு பிரச்சின, ஆண்டவரே பாத்துக்கிடும்னு மொட்டையாச் சொல்லப்பிடாது. பேரச் சொல்லணும், ஊரச் சொல்லணும், என்ன வேணும்னு சொல்லணும். ஆண்டவருக்கு மொட்டக் கடுதாசி போடக்கூடாது, பாத்துக்கிடுங்க."

எனக்கு இது பிடித்தது. மருந்துச் சீட்டும் அப்படித்தானே. பெயர், வயது, அளவு இல்லாமல் எழுதினால் யாருக்கு என்று கொடுப்பது?

பிப்ரவரி 17, சனி

மாப்பிள்ளை போன் செய்தார். ஜெரால்டுக்கு எப்போதும் என்னிடம் மரியாதை. "சாப்பிட்டியளா அத்தை? சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது. "அவ கொஞ்ச நாள் இருந்து மனசு ஆறட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர்கள் சபையில் பாடகர் குழுவில் தனிக்குரலில் பாடுகிறவர். கல்யாணத்தன்று அவர் பாடியதைக் கேட்டு நானே உருகிப்போனேன்.

கெசியாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழுந்து கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பித்தமாக இருக்கும். சுக்குக் காப்பி போட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனைக்கு அவள் வரவில்லை. திரும்பி வந்து சேலை மாற்றுவதற்குள் கூப்பிட்டாள்.

"அம்மா, ஜெபம் பண்ணாம, மருந்து சொல்லாம, கொஞ்ச நேரம் சும்மா கேக்கியளா?"

கேட்டேன். அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கதவு இல்லை. அவ்வளவுதான்.

அவசரப் பிரிவில் எத்தனை பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து, படியில் விழுந்தேன், பாத்ரூமில் வழுக்கினேன் என்றார்கள். ஒருத்தி சொன்னதையும் நான் நம்பியதில்லை. என் பிள்ளை சொன்னதை மட்டும் நம்பினேன். நம்பிவிட்டால் வேறு எதுவும் செய்ய வேண்டாம் அல்லவா.

பள்ளிக்கூட வேலையைப் போன மாதமே விட்டுவிட்டாளாம். ஏற்காட்டில் தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. "ஹாஸ்டல்லயே ரூம் தாராவ. ஏப்ரல்ல சேரணும். அதுவரைக்கும் ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது. அவனுக்குத் தெரிஞ்சா அங்கயும் வந்து நிப்பான்."

"நான் யாருகிட்டட்டி சொல்லப் போறேன்? கேஸ் ஷீட்ல உள்ளத வெளிய சொன்னவளா நான்?"

அதைக் கேட்டுச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றுதான் சிரித்தாள். என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். அவளுடைய தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்கு என்ன மருந்து?

பிப்ரவரி 29, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியாக இருந்தால் ஏதாவது செய்வேன். ஊசி போடுவேன், டாக்டரைத் திட்டுவேன், ஆம்புலன்சுக்கு அலைவேன். வீட்டில் என்ன செய்ய? சாயங்காலம் என் முறை வந்ததும் முழங்கால் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, வெள்ளி

உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தோம். மத்தியானம் ஒவ்வொருவராக விண்ணப்பம் சொன்னார்கள். ஒருவருக்குப் பேத்தியின் மார்க், ஒருவருக்குக் கிணற்றில் தண்ணீர். என் முறை வந்தது. எதுவும் சொல்லக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அழுகை உடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஆண்டவரிடம் கொட்டிவிட்டேன். என் மகள் கெசியா, ஏற்காட்டில் இன்ன பள்ளிக்கூடம், ஏப்ரலில் சேர வேண்டும், அவள் புருஷன் கையில் அகப்படாமல் காத்தருளும் என்று வாய்விட்டுக் கேட்டேன். எமிலி டீச்சர் முதுகில் கைவைத்து என்னோடு சேர்ந்து அழுதார். ஏற்காட்டில் குளிர் அதிகம், அதற்காகவும் ஜெபிப்போம் என்றாள் ஒரு சகோதரி.

பாரம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். கெசியாவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? மனுஷரிடமா சொன்னேன், ஆண்டவரிடம்தானே.

மார்ச் 3, ஞாயிறு

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். யாரென்றே தெரியாது. "உங்க மக காரியத்தை எங்க குழுவும் பாரமா எடுத்திருக்கோம் சகோதரி" என்றார்கள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். எமிலி டீச்சர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகப் போட்டிருந்தாராம், வராத சகோதரிகளும் ஜெபிக்க வேண்டுமே என்று. அங்கிருந்து குழு குழுவாகப் போயிருக்கிறது. கீழே 'ஜெபத்திற்காக மட்டும்' என்று எழுதியிருந்ததாம்.

முகம் தெரியாதவர்களெல்லாம் என் பிள்ளைக்காக முழங்கால் போடுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். போனை வைத்துவிட்டு, கெசியா அறையில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன்.

மார்ச் 7, வியாழன்

ஏற்காட்டுப் பள்ளியிலிருந்து கெசியாவுக்குப் போன் வந்தது. சமையலறை வாசலில் நின்று பேசினாள். "சரி சார். சரி சார். பரவாயில்ல சார்" என்றாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவளுடைய புருஷன் அங்கே பேசியிருக்கிறான். என் மனைவிக்கு மனசு சரியில்லை, வீட்டைவிட்டு வந்துவிட்டாள், பொறுப்பான பள்ளிக்கூடம் நீங்கள் இப்படிக் குடும்பத்தைப் பிரிக்கலாமா என்று. குடும்பத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"யாருகிட்டம்மா சொன்னிய?"

"யாருகிட்டயும் சொல்லல மக்கா."

"அம்மா."

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லல. ஜெபத்துலதான்…"

வாயிலிருந்து வரும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. அவள் கத்தியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். அடுப்பில் பால் பொங்கியது. போய் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன். அவன்தான். "அத்தை, எங்க சித்தி குழுவுக்கு அந்த மெசேஜ் வந்துது. உங்க ஜெபந்தான் எனக்கு வழி காட்டிச்சு. நன்றி அத்தை" என்றான். சுகரும் விசாரித்தான்.

மார்ச் 8, வெள்ளி

செருப்புகூடப் போடாமல் எமிலி டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். "அதை அழிங்க டீச்சர். எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அழிக்கிற நேரம் தாண்டிவிட்டதாம். அப்படியே அழித்தாலும் மற்றக் குழுக்களுக்குப் போனது போனதுதான். அவர் போனை என்னிடம் நீட்டி, "நீங்களே பாருங்க சிஸ்டர், எனக்கு என்ன செய்யன்னு தெரியல" என்றார். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்று அழுதார். பிரஷர் ஏறியிருக்கும். பார்க்கத் தோன்றவில்லை.

அவரைத் திட்டலாம் என்றுதான் போனேன். எதைச் சொல்லித் திட்ட? குரல்பதிவில் அழுதது அவர். பெயரும் ஊரும் சொன்னது நான்.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனையில் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பாவம் என்கிற தலையசைப்பு. சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 13, புதன்

அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கெசியாவிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். மரியாதையாகத்தான் பேசுகிறாள். காப்பி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்மா என்கிறாள். என் மாத்திரையை எடுத்து வைக்கிறாள். இதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டிவிடலாம்.

மார்ச் 16, சனி

அவன் வந்தான். தனியாக வரவில்லை, எங்கள் சபைக் குருவானவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். குருவானவர் புதிதாக வந்த இளைஞர், நல்ல மனுஷன். குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்கிற ஆசையைத் தவிர வேறு கெடுதல் அவரிடம் இல்லை.

ஜெரால்டு அழுதான். "கோபத்துல ஏதோ நடந்துபோச்சு ஐயா, நான் மனுஷன்தானே" என்றான். குருவானவருக்கும் கண் கலங்கிவிட்டது. நான் ஒரே ஒருதரம் வாயைத் திறந்தேன். "ஐயா, அவ கையைப் பாத்தியளா?" என்றேன். அதற்குள் அவன் என் காலில் விழுந்தான். "அத்தை, நீங்களும் என்னை மன்னிக்கணும்." காலில் விழுந்தவனை என்ன சொல்ல? குருவானவர் என்னைப் பார்த்தார், மன்னிக்கிற முறை இப்போது என்னுடையது என்கிற மாதிரி.

இரண்டு பேரையும் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. அவன் கெசியாவின் கையைப் பிடிக்கவில்லை, மேல்கையைப் பிடித்தான், அதே இடத்தில். அவன் கட்டைவிரல் அழுந்துவதைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பழகிப்போனவளுடைய முகம்.

குருவானவர் முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன்.

பெரிய வியாழனன்று வந்து கூட்டிப்போகிறானாம். ஈஸ்டர் ஆராதனைக்கு அவர்கள் சபையில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டுமாம். கெசியா சரி என்று தலையாட்டினாள்.

மார்ச் 17, ஞாயிறு

சோறு வடித்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. காக்காய்க்குப் போட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

"நீ போக வேண்டாம். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். நான் வாரேன், நானே சாட்சி சொல்லுதேன்" என்றேன்.

"அங்க உள்ள ஏட்டம்மாவும் உங்க குழுவுலதாம்மா இருக்காவ."

"அப்போ வக்கீலப் பாப்போம்."

"பாப்போம்மா."

அந்தப் 'பாப்போம்' எனக்குத் தெரியும். பிழைக்க மாட்டான் என்று தெரிந்த நோயாளியின் வீட்டாரிடம் நாங்கள் சொல்கிற 'பாப்போம்'. அவள் போனில் பேசும்போது இப்போதெல்லாம் மாடிக்குப் போகிறாள். நான் படியில் கால் வைத்தால் பேச்சு நிற்கிறது. சொந்த வீட்டில் இருமிக்கொண்டு நடக்கிறேன்.

மார்ச் 21, வியாழன்

எமிலி டீச்சர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரத் தயக்கம். ஈஸ்டர் முடிந்து குழுவில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம், குடும்பம் சேர்ந்ததற்கு. "சகோதரிகள் எல்லாம் ஆசையாக் கேக்காவ சிஸ்டர். இந்த லெந்துல நம்ம குழுவுக்குக் கெடச்ச பெரிய பதில் இதுதான்" என்றார்.

கதவைச் சாத்தினேன். மெதுவாகத்தான் சாத்தினேன்.

இந்த நாட்களிலும் காலை ஜெபம், வேதம், நடை, சங்கிலி ஜெபம் எதுவும் தவறவில்லை. திட்டம் போட்டபடி எல்லாம் நடக்கிறது. டியூட்டி சார்ட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. வார்டில் பேஷண்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மார்ச் 25, திங்கள்

கெசியா போய்விட்டாள்.

ஒளிந்துகொண்டு போகவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், இரண்டு பெட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். வாசலில் கார் நின்றது.

"எங்கட்டி போற?"

"வேலைக்கும்மா. வேற வேலை, வேற ஊரு."

"எந்த ஊரு?"

"சொல்ல மாட்டேம்மா."

"நான் பெத்தவட்டி. எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

கோபமே இல்லாமல் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "நீங்க ஜெபத்துல சொல்லிருவிய."

இத்தனை வயதில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அவள் பெட்டியை வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அதுக்கு மட்டுமில்லம்மா. வியாழக்கிழமை அவன் வருவான். நம்ம சபை ஐயரையும் கூட்டிட்டு வருவான். சத்தியம் பண்ணச் சொல்லுவான். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. தெரியாட்டாத்தான் நீங்க தைரியமா நிக்க முடியும்."

கார் தெருமுனையை நெருங்கியது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

வேலை எங்கே? சாப்பாடு எப்படி? அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, இருமல் வந்தால் லேசில் போகாது. யாரிடம் கேட்க? கேட்கக்கூடாது என்பதே என் டியூட்டி.

மார்ச் 28, பெரிய வியாழன்

வந்தார்கள், அவனும் குருவானவரும். அவன் கையில் பூச்சுற்றிய ஒரு பழக்கூடை.

"கெசியா எங்க அத்தை?"

"போயிட்டா."

"எங்க?"

"தெரியாது."

சிரித்தான். வீட்டுக்குள் போனான். மேல்மாடி, அறை, சமையலறை, கக்கூஸ் எல்லாக் கதவும் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவளுடைய பீரோவைத் திறந்தான், அவள் விட்டுப்போன பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினான். குருவானவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. பாடுகிற முகம் இல்லை. மேசையிலிருந்த என் வேதப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் பொத்தென்று வைத்தான். "இதுமேல கைய வச்சுச் சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஜெரால்டு தம்பி, வேண்டாம்" என்றார் குருவானவர்.

"நீங்க சும்மா இருங்க ஐயா!" வீடு அதிர்ந்தது. குருவானவர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய வயதுக்கு, மேடையில் பாடுகிறவனிடமிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கமாட்டார்.

நான் கையை வைத்தேன். "ஆண்டவர் அறிய, எம்மக எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றேன். குரல் நடுங்கவில்லை. உண்மையைச் சொல்ல என்ன நடுக்கம்?

என் கண்ணையே பார்த்தான். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவனுக்கும் தெரியும். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பழக்கூடையை ஓர் உதை விட்டான். ஆப்பிள் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"பெத்த தாய்க்குத் தெரியாமயா சிஸ்டர் பிள்ளை போகும்?" என்றார் குருவானவர் மெதுவாக, அவன் வெளியே போன பிறகு.

"பெத்த தாய்க்குத்தான் ஐயா தெரியக்கூடாது" என்றேன்.

அவர் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்கவில்லை. கீழே குனிந்து பழங்களைப் பொறுக்கினார்.

சாயங்காலம் என் முறை. முழங்கால் போட்டேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை. "ஆண்டவரே, அவ எங்க இருக்கான்னு உமக்குத் தெரியும். எனக்குச் சொல்லாதிரும்" என்றேன். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 30, சனி

நாளை ஈஸ்டர். வெள்ளைச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது நம்பர்.

"அம்மா, சாப்பிட்டியளா?"

"ம். நீ?"

"சாப்பிட்டேன்."

பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது, எங்கோ ஒரு மணி அடித்தது. காதைப் போனிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டேன். அவள் இருமினாள். வறட்டு இருமல். ஆவி பிடி, வெந்நீர் குடி, அங்கே குளிரா வெயிலா என்று நூறு கேள்வி தொண்டைவரை வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"வைக்கேம்மா" என்றாள்.

"வை மக்கா" என்றேன்.

ஏதோ லேண்ட்லைன் நம்பர் போல, முன்னால் உள்ள எண்ணைப் பார்த்தால் ஊர் தெரிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். திரையில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மேலே இருந்த அந்த நம்பரைத் தடவிப் பார்த்து அழித்தேன்.